வலி நின்ற பிறகு ஒரு மணி நேரம்

பொழியூரிலிருந்து ஓர் உறவுக்காரர் வந்து, நர்சு ரோசம்மா போய்விட்டார் என்றார். "முந்தாநாளே அடக்கம் முடிஞ்சாச்சு டாக்டரே. வயசான ஆளு, உங்கள அலைய வைக்கண்டாம்னு விட்டோம்." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அந்த உறவுக்காரர் கிளம்பிய பிறகு.

பாறசாலைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதுப்பட்டத்தோடு வந்த என்னை, "புஸ்தகம் படிச்ச ஆளாக்கும்" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கேலி செய்வார். நாடியை மட்டும் சத்தமில்லாமல் எண்ணுவார்.

எங்கள் தமிழ்ப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நாட்கள். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் திருவனந்தபுரத்துக்கு யாரையும் அனுப்ப முடியாது. அப்போதுதான், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் ரோசம்மாவின் தம்பி அந்தோணியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வயிற்றுவலியில் அலறினான், தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்றிருந்தது. ஊசி போட்டேன். மதியம் வலி விட்டது.

"எக்கா, கொஞ்சம் கஞ்சி தா" என்றான்.

"மிண்டாத கெடலே" என்று அவனை அடக்கிவிட்டு ரோசம்மா என்னை வெளியே அழைத்தார். "டாக்டரே, மருந்துல வலி கொறைஞ்சா நாடியும் எறங்கணும்லா? இது ஏறிட்டே இருக்கு. உள்ள குடல் சாவுது ஆக்கும். திறந்து பாருங்க."

"ஒரு மணி நேரம் பார்ப்போம்" என்றேன். பெரிய டாக்டர் அன்று ஊரில் இல்லை; அவர் துணையில்லாமல் நான் வயிற்றைத் திறந்ததில்லை. பயம். அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது, குடலிலிருந்து இரத்தம் திரும்பும் நாளங்கள் உறைந்து அடைத்திருந்தன. குடலில் பெரும்பகுதி கறுத்துவிட்டது. எதிரே நின்று கருவிகளை எடுத்துத் தந்தவர் ரோசம்மாதான். மறுநாள் அந்தோணி இறந்தான். சொன்னவுடன் திறந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

துக்கம் கழிந்து அவர் வேலைக்கு வந்த அதே வாரம், குளத்தூரிலிருந்து ஒரு பெண் அதே மாதிரி வலியோடு வந்தாள். தொட எனக்குக் கை வரவில்லை. ரோசம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அவள் வயிற்றின்மேல் வைத்தார்.

"இவளையாவது பாருங்க டாக்டரே."

அன்று நான் காத்திருக்கவில்லை. ஒரு முழம் குடல்தான் கெட்டிருந்தது. அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

பிறகு எத்தனையோ வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும் போதெல்லாம், "சோலி கெடக்கு" என்று அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார். இப்போது அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வார்டே கேட்கும்படி ஒருமுறை என்னைக் கேலி செய்தால் போதும். அது இனி இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது, தம்பிக்கு மண் போட்டுவிட்டு வந்த அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடி.