கார்த்திகையில் மீந்த முட்டைகள்

மீந்துபோன உணவு யாரைக் குற்றம் சொல்கிறது: சமைத்தவரையா, சாப்பிடாதவரையா? கூடலூருக்கு அப்பால் உள்ள ஓர் அரசுப் பள்ளியில், ஒரு கார்த்திகை மதியம், இந்தக் கேள்வி என்முன் வந்து நின்றது. பள்ளிச் சத்துணவின் தரம் பற்றி அறிக்கை தயாரிப்பது என் பணி.

காலை 9.10. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் செல்லும் நகரப் பேருந்து. மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டு. கறுப்பு வேட்டி கட்டியவர்கள் படிக்கட்டுவரை நின்றனர்.

“சாமி, உள்ள போங்க. ஐயப்பனைப் பாக்குறதுக்கு முன்னாடி என்னைய போலீஸ் ஸ்டேஷனைப் பாக்க வச்சிராதீக” என்றார் நடத்துநர்.

கூடலூர் ஒன்பது கிலோமீட்டர். வழியெங்கும் திராட்சைப் பந்தல்கள், வாழை, தென்னை.

மதியம் 12.40. சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, அவித்த முட்டை. சாம்பாரில் பருப்பு தாராளம். கீரை பதமாக வெந்திருந்தது. ஆனால் பிள்ளைகள் எழுந்தபின் பதினோரு முட்டைகள் தொடப்படாமல் கிடந்தன. ‘முட்டையின் தரம் ஐயத்துக்குரியது’ என்று படிவத்தில் எழுதினேன்.

“என்ன மேடம் எழுதுறீக?” என்றார் சமையலர் பாண்டியம்மாள். படித்துக் காட்டினேன்.

“ஆத்தாடி! இதைப் பாத்தா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாகளே. நீங்களே ஒண்ண உரிச்சுத் தின்னு பாருங்க.”

தின்றேன். குறை ஒன்றும் இல்லை.

“பிறகு ஏன் மீந்தது?”

“ஆக்குன என்னையக் கேட்டா? தின்னாதவுகளைக் கேளுங்க.”

கை கழுவிக்கொண்டிருந்த நான்காம் வகுப்புக் கவிதாவைக் கேட்டேன்.

“அப்பா மாலை போட்டிருக்காக. மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வீட்ல யாரும் முட்டை திங்கக் கூடாது.”

“மற்ற நாட்களில்?”

“குடுத்தா ரெண்டு திம்பேன்.”

முட்டை உண்ணாதோருக்கு வாழைப்பழம் உண்டு. ஆனால் அத்தகைய பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியில் ஜூன் மாதமே தயாரித்துவிட்டார்கள். மாலை போடுவதோ கார்த்திகையில். விரதம் பெரியவர்களுடையது, ஒரு மண்டலம் முழுவதும் புரதம் குறைவது வளரும் பிள்ளைக்கு. வாழைப்பழமும் அந்தக் குறையை நிரப்பாது. விரதத்தில் தலையிட எனக்கு உரிமையில்லை என்பதும் தெரிந்திருந்தது.

“முட்டைக்குப் பதில் என்ன தரலாம்?”

“சாமிக்கே சுண்டல்தான் படைக்கிறோம். பிள்ளைக தின்னா ஆகாதா?” என்றார் பாண்டியம்மாள்.

எழுதிய வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். மாலை 3.30 பேருந்தில் கம்பம் திரும்பினேன்.

அடுத்த கார்த்திகையிலும் அங்கே சென்றேன். மாலை போட்ட வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைத் தலைமையாசிரியர் மாதத்தின் முதல் நாளே எழுதி வாங்கியிருந்தார். கவிதாவின் தட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. என் படிவத்தில் ‘மீந்தது எவ்வளவு’ என்பதற்கு அருகே ‘ஏன்’ என்றொரு கட்டம் சேர்ந்துள்ளது. அதைப் பிள்ளைகளைக் கேட்ட பிறகே நிரப்புகிறேன். பாண்டியம்மாள் அதே சமையற்கூடத்தில் வேலை செய்கிறார்.