செவிலிமேட்டிலிருந்து சரிசெய்த படகு

இன்று கார் பேட்டரியைக் காட்ட, காஞ்சிபுரம் செவிலிமேட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்வி அக்கா கடைக்குப் போயிருந்தேன். பாய்மரப் படகில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, புதுச்சேரி கடலிலிருந்து வீடியோ காலில் வந்தார்.

"அக்கா, காத்தே இல்ல. டீசல் இன்ஜின் ஓடிக்கினுதான் இருக்குது, பேட்டரி ஏறல. ரேடியோ அணையப் போவுது."

"பெல்ட் டைட்டா?"

"டைட்டுதான்."

"சாவி போட்டா சிவப்பு லைட்டு எரியுதா?"

"இல்லக்கா."

"அந்த பல்பு போயிருக்கும்டா. அது வழியா கரண்ட் போனாதான் பேட்டரிய ஏத்துற ஆல்டர்னேட்டர் முழிச்சிக்கும். வேற பல்பு மாத்து."

மாற்றினார். மீட்டரில் பதினான்கு வோல்ட், பேட்டரி ஏறுகிறது! தம்பி போட்ட கூச்சலில் நானும் கைதட்டிவிட்டேன்.

"படகுல போயிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"ஏறினதே இல்லமா. தண்ணில இருக்கோம்னு இன்ஜினுக்குத் தெரியுமா என்ன?"

நம்ம காஞ்சிபுரத்தில் கடல்தான் இல்லை. படகு மெக்கானிக் இருக்கிறார். படகு வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!