சல்லடையில் பஞ்சு நூல்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து பார்த்த வேலை, குவாரி லோடரின் கியர்பாக்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சண்டை போட்டது.

ஏற்றத்தில் லோடர் உறுமும், நகராது. கொஞ்ச நேரம் ஓடினால் கியர் ஆயிலின் சூட்டு முள் சிவப்பைத் தொடும். "டிரைவர் கிளட்ச் பிளேட்டைத் தீச்சுட்டான்" என்று அப்பா மேனேஜரிடம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்றே டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை முதல் வேறு ஆள்.

மெக்கானிக்கான அப்பாவுக்குக் குவாரியில் 'சுத்தியல்' என்று பெயர். அவர் தொட்டால் ஒன்று வண்டி ஓடும், இல்லையென்றால் ரெண்டாகும் என்பார்கள், அவர் காதில் விழாதபடி. மகள் இயந்திரவியல் படித்து அங்கேயே பராமரிப்புப் பொறியாளராக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி ஆயில் பிரஷர் பாக்கணும்ப்பா."

"உன் வயசுக்கு மேல வருஷமா மூக்காலயே கண்டுபிடிச்சவன் நான். நீ மீட்டரைக் கட்டிட்டு அழு."

"அந்த மூக்கால மோந்து பாருங்க. கருகின வாடை வருதா?"

அவர் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார்.

அவள் மீட்டரை மாட்டி வண்டியை ஓடவிட்டாள். முதலில் நிமிர்ந்து நின்ற முள், ஓட ஓடப் படுத்துவிட்டது. பம்புக்கு ஆயில் போதவில்லை. அதனால் கிளட்சில் பிடிப்பில்லை, வழுக்கியது. வழுக்கியதால் சூடு. ஆயிலை இறக்கி, பம்புக்கு முன்னால் இருக்கும் சல்லடையைக் கழற்றினாள். வடிகால் வாயில் சிக்கிய தலைமுடி போலப் பஞ்சு நூல் சுருண்டு அடைத்திருந்தது. பிளேட் தீய்ந்திருந்தால் சேர்ந்திருக்கவேண்டிய தூள் இல்லை.

போன முறை ஆயில் மாற்றியபோது, நல்ல துணி தேடப் பொறுமையில்லாமல், ஆயில் தொட்டியின் உள்ளே, நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட்டால் துடைத்தது அப்பா.

"யார் வேலைப்பா இது?"

"தெரியுதுல்ல. அப்புறம் என்ன கேள்வி."

"மேனேஜர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"என் வாயால சொன்னது. நானே போய் மாத்திச் சொல்றேன். நீ நடுவுல வந்து மகாராணி மாதிரி தீர்ப்புச் சொல்ல வேணாம்."

நூலை ஒரு கிரீஸ் டப்பாவில் திணித்து, பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் ஞாயிறு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு.

டிரைவர் சாவுக்கு வந்தான். சித்தப்பா வாசலிலேயே மறித்தார்.

"எங்கண்ணனைக் கரிச்சுக் கொட்டினவன்தானே நீ? மனசு குளிர்ந்துச்சா?"

"கரிச்சுத்தான் கொட்டினேன். சோத்துல மண்ணைப் போட்டவரை மடியில வச்சுக் கொஞ்சுவாங்களா? மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன், வழி விடுங்க."

"உன்னாலதான்டா அவர் நெஞ்சு வெடிச்சுது."

"விடுங்க சித்தப்பா" என்றாள் மகள். "தப்பு அப்பாவோடது. வண்டியை அவர்தான் கெடுத்தாரு."

சித்தப்பா அவளை அடிக்கப்போவது போலப் பார்த்தார். டிரைவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"இதை மேனேஜர்கிட்டச் சொன்னாரா?"

"போறேன்னாரு."

"நாளைக்குப் புது ஆள் வர்றான்" என்றான் டிரைவர்.

அப்பாவின் பைக் சுவரை ஒட்டி நின்றது. நூல் டப்பா இருந்த பெட்டி பூட்டியே இருந்தது.