பந்தய வண்டிக்கு சலீம் பாய் அடித்த காற்று

துபாய் அல் கூஸில் எங்கள் கேரேஜில் மாதக்கணக்கில் கிடந்த எங்கள் முதலாளி அர்பாப்பின் பழைய அமெரிக்க மஸில் கார் இன்றுதான் முதல்முறையாக, நேர்கோட்டில் சீறிப் பாயும் டிராக் ரேஸுக்குப் போனது. புது இன்ஜின் ஏற்றியது நான். டயர் வேலை கீழக்கரை சலீம் பாய். தோற்றால் வண்டியை விற்றுவிடுவதாக அர்பாப் முன்பே சொல்லிவிட்டார்.

அர்பாப் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பச்சை விளக்கு எரிந்தது. பின்டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ஒரே புகை. எங்கள் வண்டி நகர்வதற்குள் பக்கத்து புத்தம்புது கார் கோட்டைத் தாண்டிவிட்டது.

"பாய், டயர்ல என்ன பண்ணீங்க?"

"வண்டி வெளிய போகுதுன்னா காத்து ஃபுல்லா அடிச்சுத்தானே அனுப்புவோம்?"

தொட்டுப் பார்த்தேன். கல்!

அர்பாப் திட்டவில்லை. பாலைவனத்தில் மணல்மேடு ஏறும்போது டயரை என்ன செய்வீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

காற்றைக் குறைத்தால்தானே டயர் மணலைப் பிடிக்கும்! சலீம் பாய் தலையில் அடித்துக்கொண்டு காற்றை இறக்க உட்கார்ந்தார்.

இன்னொரு தடவை ஓடலாமா என்று அந்தப் புது கார்க்காரரிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

இந்த முறை டயர் தரையைக் கவ்வியது. முன்சக்கரம் அந்தரத்தில் எழும்ப, எங்கள் கிழட்டு வண்டி அவரை முந்திக்கொண்டு பறந்தது!

அர்பாப் இறங்கி, கணுக்கால் வரை தொங்கும் கந்தூரா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தது யாரை? இன்ஜின் போட்ட என்னையா? காற்றைப் பிடுங்கிய சலீம் பாயை!

வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றும்போது பாய் மெல்லக் கேட்டார்: "இப்ப கொஞ்சம் காத்து அடிச்சிடட்டுமா?"

காற்றடிக்கும் ஹோஸ் இப்போது என் டூல் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. பாய்க்குப் பரிந்துகொண்டு யாரும் கமென்டில் சாவி கேட்காதீர்கள்.