அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மூட்டு மாத்திரை

அக்காவுக்கு மூட்டு வலி வந்தபோது அவளைச் சோம்பேறி என்றவள் நான். அவளுக்குச் சாங்கி விமான நிலையத்தில் துப்புரவு வேலை; நாள் முழுக்க நிற்க வேண்டும். புக்கிட் மேராவில் நாங்கள் இருவர் மட்டும் ஒரே வீட்டில் இருந்தோம். வேலை முடிந்து வந்து காலை நீட்டினால் முனகிக்கொண்டே இருப்பாள். அந்த முனகல் நிற்க வேண்டும் என்றுதான் தேக்காவில் ஒரு கடையில் மாத்திரை வாங்கினேன். அன்பினால் அல்ல.

வெள்ளை டப்பா. மேலே ஒரு இலைப் படம், 'முழுக்க இயற்கை' என்ற எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது, யார் தயாரித்தது என்று எதுவும் இல்லை. கேட்டேன்.

"ஊர் மூலிகைம்மா, ஒண்ணும் ஆகாது லா. மூணு நாள்ல நடப்பாங்க" என்றார் கடைக்காரர்.

இரண்டாம் நாளே அக்கா வலியில்லாமல் படியிறங்கினாள். அந்த வேகம் எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். பெருமையைத்தான் தந்தது. தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் அவள் முகம் உருண்டையாக வீங்கியது. பிடரியில் சதை திரண்டது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. நான் அவளைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டேன். அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பிறகு, இப்படிப்பட்ட மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக ஒரு எச்சரிக்கையைப் படித்தேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த டப்பாக்களையெல்லாம் அடுக்குமாடியின் குப்பைக் குழாயில் போட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்தலாமே என்று அக்கா கெஞ்சினாள். விஷத்தைத் தின்று சாகப் போகிறாயா என்று கத்தினேன்.

நான்காம் நாள் காலை குளியலறையில் கிடந்தாள். சுற்றிலும் வாந்தி, உடம்பு சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மறுநாள் கண் திறந்தாள். கட்டிலருகே நின்ற தமிழ் டாக்டர், நான் சொல்லியிருந்த மாத்திரையைக் காட்டச் சொன்னார். இல்லை என்றேன்.

"மாசக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிட்டா உடம்பு அதைச் சொந்தமா சுரக்கிறத நிறுத்திடும். படிப்படியாத்தான் குறைக்கணும். டப்பாவோட எங்ககிட்ட கூட்டிட்டு வந்திருக்கணும். யார் திடீர்னு நிறுத்தச் சொன்னது?"

"அவங்களே நிறுத்திட்டாங்க" என்றேன்.

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் போகும்வரை காத்திருந்தாள்.

"வாங்கினதும் நீ, தூக்கிப் போட்டதும் நீ" என்றாள் பிறகு. "விழுந்தது மட்டும் நான்."

பிழைத்துவிட்டாள். ஆனால் சர்க்கரை நோய் வந்து தங்கிவிட்டது. எலும்பு பலவீனமாகி, வேலைக்குத் திரும்ப முடியவில்லை. கடைக்காரரிடம் போய் நின்றேன். அப்படி ஒரு மாத்திரையை விற்றதே இல்லை என்றார். ரசீதும் இல்லை, டப்பாவும் இல்லை. புகார் கொடுக்க என்னிடம் என் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

இப்போது யார் ஒரு சத்து மாத்திரை கொடுத்தாலும் அக்கா விழுங்குவதில்லை. அரசு பாலிகிளினிக் மருந்தாளரிடம் எடுத்துப் போகிறாள். இதில் என்ன இருக்கிறது, இங்கே பதிவானதா, தன் சர்க்கரை மருந்தோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். கைத்தடியோடு பஸ் ஏறுவது அவளுக்குச் சிரமம். நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"வேணாம்" என்றாள். "நீ வந்தா நீயே பதில் சொல்லிடுவ."