ஆட்டுக் கொட்டகையில் அத்தை

அன்று எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் நான்கு பேர். நான், அத்தை என்று நான் கூப்பிடும் என் மாமியார், அடுத்த வீட்டிலிருக்கும் என் ஓரகத்தி, கையில் போனும் நோட்டுமாக வாசலில் வந்து நின்ற ஒரு பெண். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு பந்தல்குடிக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். போன வருடம் புரட்டாசி மாதம், திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளம் விதைத்துவிட்டு எல்லோரும் மழைக்குக் காத்திருந்த நேரம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எட்டாவதுக்கு பஸ் ஏறிப் போக வேண்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அரைகுறைப் படிப்பு என்பதாலோ என்னவோ, யாராவது கணக்கெடுக்க வந்தால் எனக்குப் பயம்தான். எதை எழுதிக்கொண்டு போய் எதை நிறுத்தப் போகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் பெண் தெருமுனையில் வரும்போதே ஓரகத்தி ஓடிவந்து சொல்லிவிட்டாள்: வீடு வீடாக எத்தனை பேர், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கேட்கிறாளாம்.

எனக்கு அத்தையின் முதியோர் பென்ஷன்தான் நினைவுக்கு வந்தது. மகன் வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்தப் போகிறார்கள் என்று ஊரில் கொஞ்ச நாளாகவே பேச்சு. அத்தையின் மாத்திரை, வெற்றிலை, மகள் வீட்டுக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாமே அதில்தான். "கொட்டகைக்குள்ள போய் ஒக்காருங்க அத்த" என்றேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு ஆடுகளோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுல எத்தன பேருக்கா?"

"புருசன் பொண்டாட்டி, ஒரு மக. மூணே பேரு."

"எழுதப் படிக்கத் தெரியாதவுக?"

"யாருமில்ல."

அவளுடைய அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். போட்டோவில் தலைமுடி வேறு மாதிரி இருந்தது. அதுவும் ஒரு சந்தேகம். அதற்குள் அவள் கொடியில் காய்ந்த அத்தையின் சேலையைப் பார்த்துவிட்டாள். "இது யாரு சேலக்கா?" நான் ஓரகத்தியைக் கை காட்டினேன். "நான் எப்பக்கா இந்தக் கலரு கட்டுனேன்?" என்றாள் அந்தப் புண்ணியவதி.

அந்தப் பெண் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். "காலையிலருந்து சுத்துறேன். பாதி வீடு பூட்டிக் கெடக்கு, திருப்பூருக்குப் போயிட்டாகன்றாக. இருக்குற வீட்டுல எல்லாருமே படிச்சவுகளாம். அப்ப பேங்குல மட்டும் எங்கருந்துக்கா இத்தன கைநாட்டு வருது?"

பெயர் போதுமான அளவு சேர்ந்தால் பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு வைப்பார்களாம். பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாள். நான் பென்ஷனைப் பற்றி வாயே திறக்கவில்லையே, இவள் ஏன் அதைச் சொல்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

அப்போதுதான் கொட்டகைப் படல் திறந்தது. சேலையெல்லாம் வைக்கோலோடு அத்தை வந்து நின்றார்.

"எம் பேர எழுதிக்க தாயி. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

"அத்த, பென்ஷன நிப்பாட்டிருவாக" என்று நானே உளறினேன்.

"நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்."

ஓரகத்தி சிரித்தாள். "படிச்சுக் கலெக்டராகப் போறீகளா?"

"இவ படிச்சுச் சொல்றது நெசமான்னு பாக்கப் போறேன்" என்று என்னைக் காட்டினார் அத்தை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. தன் பெயர் போட்டிருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். போடவில்லை. மனசு கஷ்டப்படுவாரே என்று, அத்தைமார் வரிசையில் முதல் பெயரே உங்களுடையதுதான் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெருமையோடு போய் மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றிருக்கிறார். "பத்திரிகையில பேரே இல்லாத அத்தைக்குத்தான் அலட்டல் அதிகம்" என்று சம்பந்தி வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னையிலருந்து நீ எதப் படிச்சாலும், இதுல எத விட்டாளோன்னுதான் நெனப்பு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பெயரை எழுதினாள்.

அதன்பிறகு பென்ஷன் வரும் நாளெல்லாம் நான் பயந்துகொண்டே இருந்தேன். அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அத்தையும் வகுப்புக்குப் போனார். இப்போது நான் எதைப் படித்துச் சொன்னாலும், "இங்கிட்டுக் குடு" என்று வாங்கி, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்க்கிறார். முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை நம்பாமலும், பகலில் வீட்டில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லாமலும், இரண்டு வருடம் என்னிடமே அவர் படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாரே என்று நினைத்தால், நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இன்றும் வாய் வருவதில்லை.