உண்மையைச் சொன்ன பெண்ணுக்குக் கிடைத்த சஸ்பென்ஷன்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் இருபத்தாறு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்போது டியூட்டிக்குச் சேரும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

1. காலி அட்டை

மத்தியானம் ஆட்டோவிலிருந்து கோகுலை இறக்கினார்கள். ஸ்ரீரங்கத்துப் பையன், காலேஜில் மூன்றாம் வருடம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதாவது ஒன்று வந்தது. கூட வந்தவள் அவன் வகுப்பில் படிக்கும் பர்வீன்.

"என்னம்மா சாப்பிட்டான்?"

"தெரியலைங்க சிஸ்டர். வெயில்ல மயங்கிட்டான்."

இமையைத் திறந்து பார்த்தேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. வெயில் மயக்கம் இப்படி இருக்காது.

"நான் போலீஸ் இல்லம்மா. உன் பேரை யாருக்கும் சொல்ல மாட்டேன். என்ன மாத்திரைன்னு மட்டும் சொல்லு."

பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினாள். கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரை; போதைக்காக விழுங்கியிருக்கிறான். டியூட்டி டாக்டர் உடனே அதை முறிக்கும் நலோக்சோன் ஊசியைப் போடச் சொன்னார். நான் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அப்போதுதான் பர்வீன் அழுதாள்.

"காலேஜுக்குத் தெரிஞ்சா டிசி குடுத்துருவாங்கன்னு பசங்க முக்கா மணி நேரம் மூஞ்சில தண்ணி தெளிச்சிட்டே இருந்தாங்க சிஸ்டர். நான்தான் ஆட்டோ பிடிச்சேன்."

2. பிரின்சிபால் அறை

அடுத்த வாரம் பர்வீனின் அம்மா வந்தார். மகளை அந்த செமஸ்டர் முழுக்க சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம்.

"பேரைச் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களாமே? உங்களை நம்பித்தானே எம்பொண்ணு சொல்லுச்சு?"

கேஸ் ஷீட்டில் 'அழைத்து வந்தவர்' என்ற இடத்தில் பெயர் எழுதியது நான்தான். அதைப் பார்த்து எங்கள் மருத்துவமனை ஆபீஸிலிருந்து யாரோ காலேஜுக்கு போன் செய்திருக்கிறார்கள். அன்றே பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு இல்லைன்னா நீங்க இரங்கல் கூட்டம் நடத்தியிருப்பீங்க."

"போதைன்னா எங்ககிட்ட மன்னிப்பே கிடையாது மேடம். விழிப்புணர்வு நாள் வச்சிருக்கோம், உறுதிமொழி எடுக்கறோம். நீங்களும் வந்து பேசுங்க."

"பேசறேன் சார். ஒருத்தன் மயங்கினா தனியா விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, 108-க்குக் கூப்பிடுங்க, எடுத்ததை டாக்டர்கிட்ட மறைக்காதீங்கன்னு சொல்லலாமா?"

"அப்படிச் சொன்னா எடுத்துக்கோங்கன்னு நாமே சொல்ற மாதிரி ஆயிடும்."

"ஹெல்மெட் போடுங்கன்னு சொன்னா போய் மோதுங்கன்னு அர்த்தமா சார்?"

அவர் மணியை அடித்து பியூனைக் கூப்பிட்டார். அந்த செமஸ்டர் போனதில் பர்வீனுக்கு ஒரு வருடமே போயிற்று.

3. வாசலில் விட்டுப் போனவன்

இரண்டு மாதம் கழித்து, அதே காலேஜ் பையன் ஒருவனை எங்கள் வாசல் ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டுச் சிலர் ஓடிவிட்டார்கள். என்ன எடுத்தான், எப்போது எடுத்தான், சொல்ல ஆளில்லை. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம். பிழைக்கவில்லை. துறையூரிலிருந்து வந்த அவன் அம்மா என்னைக் கேட்டார்: "கூட யாருமே வரலையாங்க?"

மறுநாள் நிர்வாக மீட்டிங்கில் மேஜையைத் தட்டிக் கத்தினேன். அழைத்து வருகிறவர் பெயர், சட்டப்படி கொடுக்க வேண்டிய போலீஸ் பதிவைத் தாண்டி எங்கும் போகக் கூடாது என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன். அதை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பிள்ளைகளே, கேஷுவாலிட்டியில் நின்றுகொண்டு யாருக்கும் ஒழுக்கப் பாடம் எடுக்காதீர்கள். கொண்டுவந்தவர்களுக்கு முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். அவர்கள் பயந்து ஓடினால், ஸ்ட்ரெச்சரில் கிடப்பவனுக்காகப் பேச வேறு யாரும் இல்லை.